மெகாவாட்டை விடுங்கள், யூனிட்டைப் பாருங்கள்

கேள்வி:

வள்ளியூர் அருகே ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். "நாட்டின் மின் நிறுவுதிறனில் பாதி இனி நிலக்கரி, எரிவாயு அல்லாதது, 2030-க்கு வைத்த இலக்கை ஐந்து ஆண்டு முன்னதாகவே எட்டிவிட்டோம்" என்று 2025 ஜூலையில் வந்த செய்தியை வெட்டி வகுப்பறைப் பலகையில் ஒட்டியிருந்தேன். பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி அதைப் படித்துவிட்டு, "அப்போ நம்ம வீட்டு ஃபேன் பாதி நேரம் காத்துலயும் வெயில்லயும்தான் ஓடுதா மிஸ்?" என்று கேட்டாள். அதோடு விடவில்லை. "ஆடி மாசம் காத்து இந்த அடி அடிக்குது, ரோட்டோரம் காத்தாடி பாதி நிக்குதே, அது ஏன்?" என்றாள். இரண்டுக்கும் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. நாடு உண்மையிலேயே நிலக்கரியை விட்டு மாறுகிறதா என்பதை நானும் என் மாணவிகளும் மாதாமாதம் கணக்கு வைத்துப் பார்க்க வழி உண்டா? எந்த எண்ணை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது?

— ஆசிரியை, வள்ளியூர்

பதில்:

முதலில் மாணவிக்கு. பாதி நேரம் ஓடவில்லை. ஆண்டு முழுவதற்கும் சராசரி போட்டால், அணை நீரையும் அணுசக்தியையும் சேர்த்தே சுமார் கால்வாசி என்று சொல்லலாம். மீதி முக்கால்வாசியில் மிகப் பெரும் பகுதி நிலக்கரி. செய்தியும் பொய்யில்லை. 2025 ஜூன் முடிவில் நாட்டின் மொத்த நிறுவுதிறன் ஏறத்தாழ 4,84,800 மெகாவாட். அதில் 2,42,800 மெகாவாட் சூரிய ஒளி, காற்று, அணை நீர், உயிரிக்கழிவு, அணுசக்தி ஆகியவற்றைச் சேர்ந்தது. பாதிக்கு ஒரு மயிரிழை மேல். பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் இந்தியா 2015-இல் 40 சதவீதம் என்று சொல்லி, 2022-இல் 50 சதவீதமாக உயர்த்திய வாக்கு இதுதான், அதை நிறைவேற்றியாகிவிட்டது. ஆனால் வாக்குக் கொடுத்தது திறனுக்கு. வீட்டுக்கு வருவது யூனிட்.

உங்களுக்குப் புரியும்படி சொன்னால், நிறுவுதிறன் என்பது சேர்க்கைப் பதிவேடு. உற்பத்தியான யூனிட் என்பது வருகைப் பதிவேடு. பள்ளி நடக்கிறதா என்று பார்க்க வருபவர் கேட்க வேண்டியது இரண்டாவதை.

இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஒரு மெகாவாட் இயந்திரம் ஒரு நொடிகூட நிற்காமல் ஓடினால் 87.6 லட்சம் யூனிட் தரும். அனல் மின் நிலையம் ஆண்டு சராசரியாக 70 சதவீதம் ஓடுகிறது என்று வையுங்கள்: 61 லட்சம் யூனிட். சோலார் தகட்டுக்கு இரவு கிடையாது, காலையும் மாலையும் அரைகுறை, மேகம் வேறு. நல்ல வெயில் உள்ள இடத்திலும் 20 சதவீதம் வந்தால் பெரிது: 17.5 லட்சம். காற்றாலைக்கு 25 சதவீதம் போட்டால் 22 லட்சம். உங்களுக்குப் பக்கத்துக் கூடங்குளத்து அணு உலை போன்றவை 80 சதவீதத்துக்கு மேலும் ஓடக்கூடியவை, ஆனால் நாடு முழுவதும் சேர்த்தே அணுசக்தி 8,780 மெகாவாட்தான். ஆக, ஒரு மெகாவாட் நிலக்கரிக்கு ஈடு கட்ட மூன்றரை மெகாவாட் சோலார் வேண்டும். பதிவேட்டில் இரண்டும் சமமாக நிற்கும்போது வருகையில் ஏன் முக்கால், கால் என்று பிரிகிறது என்பது இப்போது மாணவிக்கே விளங்கிவிடும்.

இன்னொரு சின்ன விஷயம், இதை யாரும் சொல்வதில்லை. அந்த 50 சதவீதத்துக்குள் ஆனைமலையில் இருக்கும் நம் கடம்பாறை நிலையத்தின் 400 மெகாவாட்டும் உண்டு. கடம்பாறை என்ன செய்கிறது? மின்சாரம் மிச்சமிருக்கும் நேரத்தில் கீழ் அணைத் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றிவைத்து, தட்டுப்பாடான நேரத்தில் இறக்கிவிட்டு மின்சாரம் எடுக்கிறது. அருமையான ஏற்பாடு, இன்னும் நிறைய வேண்டும். ஆனால் ஏற்றுவதற்குச் செலவான யூனிட்டைவிட இறக்கும்போது கிடைப்பது எப்போதும் குறைவு. திறன் கணக்கில் அது உற்பத்தியாளர். யூனிட் கணக்கில் அது சேமிப்புக் கிடங்கு.

இனி, நிற்கும் காத்தாடிகள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் நிற்பவற்றில் ஒரு பகுதி தொண்ணூறுகளில் வைத்த சிறிய இயந்திரங்கள். வயதாகிவிட்டது, பழுது பார்க்க நிறுத்தியிருப்பார்கள். மாணவி கேட்பது அதை அல்ல, நல்ல நிலையில் இருப்பதும் ஏன் காற்று அடிக்கும்போது நிற்கிறது என்று கேட்கிறாள். மின்தொகுப்பில் ஒவ்வொரு நொடியும் உற்பத்தியும் நுகர்வும் சமமாக இருக்க வேண்டும். ஆடிக் காற்று இரவு பன்னிரண்டு மணிக்கும் அடிக்கும். அந்த நேரத்தில் ஆலை பாதி மூடியிருக்கும், ஊர் தூங்கும். அப்போது அனல் மின் நிலையத்தைக் குறைத்து ஓட்ட வேண்டும். அதையோ ஒரு அளவுக்குக் கீழே குறைக்க முடியாது. கொதிகலன் தீ நிலையாக எரிய வேண்டும், அணைத்தால் மறுபடி சூடேற்றப் பல மணி நேரம் ஆகும், மறுநாள் மாலைத் தேவைக்கு அது வேண்டும். திறனில் 55 சதவீதம் வரை இறக்கி ஓட்ட வேண்டும் என்பது இப்போதைய விதி. அதைப் படிப்படியாக 40-க்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை, காற்றாலை மின்சாரத்தைக் கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், தொகுப்பின் பாதுகாப்பு என்ற காரணத்தில் சில நேரம் காற்றாலையைத்தான் நிறுத்தச் சொல்வார்கள். கம்பி போதாமலும் இது நடக்கும். ராஜஸ்தானில் 2025-இல் சோலார் பூங்காக்களுக்கு நேர்ந்தது அதுதான்: தகடு தயார், வெயில் தயார், மின்சாரத்தை வெளியே எடுத்துச் செல்லும் உயரழுத்தப் பாதை தயாராகவில்லை.

நின்றுகிடந்த அந்த மணி நேரமெல்லாம் மெகாவாட் கணக்கில் தெரியாது. காற்றாலை நின்றாலும் ஓடினாலும் நிறுவுதிறன் அதேதான். யூனிட்டில் மட்டும்தான் அந்த இழப்பு தெரியும். அதனால்தான் திரும்பத் திரும்ப யூனிட், யூனிட் என்கிறேன்.

எந்த எண்ணைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். எனக்கு ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க அனுமதி என்றால், நிலக்கரியில் இருந்து ஆண்டுக்கு எத்தனை கோடி யூனிட் வந்தது என்பதைப் பார்ப்பேன். சதவீதம்கூட வேண்டாம், அந்த முழு எண். வளிமண்டலத்துக்குச் சதவீதம் தெரியாது. எரிந்த நிலக்கரிதான் அங்கே போய்ச் சேர்கிறது.

அந்த எண் என்ன சொல்கிறது? பங்கில் இருந்து தொடங்கிப் பார்ப்போம். 2014-15-இல் நாட்டின் மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு ஏறத்தாழ முக்கால்வாசி. பத்தாண்டு கழித்து 2024-25-இலும் முக்கால்வாசிக்கு அருகில்தான். இதற்கிடையில் சோலார் பல மடங்கு பெருகியது. பங்கு ஏன் அசையவில்லை என்றால், மொத்த உற்பத்தியே அந்தப் பத்தாண்டில் ஒன்றரை மடங்குக்கு மேல் வளர்ந்துவிட்டது. பங்கு அப்படியே நின்றதால், நிலக்கரி யூனிட் என்ற அந்த முழு எண்ணும் கூடவே ஏறிவிட்டது. ஏசி, மோட்டார், புதிய ஆலை, முதல்முறையாக மின்சாரம் வந்த வீடு, எல்லாவற்றுக்கும் பசுமை மின்சாரம் ஒரு பகுதி கொடுத்தது, மீதியை நிலக்கரி கொடுத்தது. 2024-25-இல் நாட்டின் நிலக்கரி உற்பத்தி முதல்முறையாக 100 கோடி டன்னைத் தாண்டியது. அதையும் ஒரு சாதனையாகவே அறிவித்தார்கள். ஒரே அரசு, சில மாத இடைவெளியில், இரண்டு சாதனைகள். இரண்டும் உண்மை. இதுவரை இந்தியாவில் நடந்திருப்பது கூட்டல். கழித்தல் இனிமேல்தான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

கழித்தல் எப்படி இருக்கும் என்று பார்க்க பிரிட்டனைப் பாருங்கள். உலகிலேயே முதன்முதலில் பொதுமக்களுக்கு நிலக்கரி மின்சாரம் கொடுத்த ஊர்களில் லண்டன் ஒன்று, 1882-இல். 2012-இல்கூட அந்நாட்டின் மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு நிலக்கரி. 2024 செப்டம்பர் 30 அன்று ராட்கிளிஃப் என்ற கடைசி அனல் நிலையத்தையும் மூடிவிட்டார்கள். பன்னிரண்டு ஆண்டில் பூஜ்யம். இதை வைத்து நம்மை மட்டம் தட்ட வேண்டியதில்லை. அங்கே மின்சாரத் தேவை வளரவே இல்லை, குறைந்தது. இயற்கை எரிவாயு கையில் இருந்தது. எஃகும் துணியும் பொம்மையும் வேறு நாட்டில் உற்பத்தியாகி, அதற்கான புகை அந்தந்த நாட்டுக் கணக்கில் ஏறியது. நம்மில் ஒருவருக்கு வரும் ஆண்டு உமிழ்வு உலக சராசரியில் பாதிக்கும் கீழ். வளர வேண்டிய நாடு இது. ஆனால் வளர்ச்சியைக் காரணம் காட்டி அளவுகோலை மாற்றிவிடக் கூடாது.

சரி, இரண்டாவதாக ஓர் எண் தர அனுமதித்தால், அது வகுப்பறைக்கு மிகவும் ஏற்றது. மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் ஒரு கணக்கு வெளியிடுகிறது: தொகுப்பில் இருந்து வரும் ஒரு யூனிட்டுக்கு சராசரியாக எத்தனை கிராம் கரியமில வாயு. புகைபோக்கியில் மீட்டர் வைத்து அளப்பதில்லை. ஒவ்வொரு நிலையமும் எவ்வளவு எரிபொருள் எரித்தது, அதில் கார்பன் எவ்வளவு என்று வாங்கிக் கணக்குப் போடுகிறார்கள். நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம். ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எரிகிறது. அதன் கார்பன் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் வெளியே போவது ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு. எரித்ததைவிட வெளிவந்தது எடை கூடுதலா என்று மாணவிகள் நம்ப மாட்டார்கள். கார்பன் 12, ஆக்சிஜன் இரண்டு சேர்ந்து 32 என்று போட்டுக் காட்டுங்கள்.

இந்த நிலக்கரி யூனிட்டோடு காற்று, சோலார், அணை, அணு எல்லாவற்றையும் கலந்து சராசரி எடுத்தால், 2021-22-இல் யூனிட்டுக்கு 715 கிராம். 2022-23-இல் 716. 2023-24-இல் 727. கவனித்தீர்களா? அந்த ஆண்டுகளில்தான் சோலார் மளமளவென்று ஏறியது, கிராம் கணக்கோ ஏறியிருக்கிறது. 2023-இல் தென்மேற்குப் பருவமழை ஏமாற்றியது. அந்த ஆகஸ்ட் நூறாண்டுக்கு மேல் காணாத வறட்சி. அணைகள் நிரம்பவில்லை, நீர்மின் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட ஆறில் ஒரு பங்கு குறைந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்பியது நிலக்கரி.

வீட்டில் இருக்கும் மின்வாரிய வெள்ளை அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் என்று எழுதியிருந்தால், அதை 0.727-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 291 கிலோ. கம்பியில் வரும் வழியில் இழப்பதைச் சேர்க்காமலே இவ்வளவு. முதல் 100 யூனிட் இலவசம் என்பது பில்லுக்கு மட்டும்தான். புகையில் தள்ளுபடி கிடையாது.

இனி ஓர் எச்சரிக்கை. ஒரு நல்ல மாதத்தைப் பார்த்து மகிழாதீர்கள், ஒரு கெட்ட மாதத்தைப் பார்த்து நொந்துகொள்ளவும் வேண்டாம். உங்கள் ஊர்க் காற்று மே முதல் செப்டம்பர் வரை. ஐப்பசியில் தேடினாலும் கிடைக்காது. ஜூலையை ஜனவரியோடு ஒப்பிட்டால் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம், சிலர் அதைத்தான் செய்கிறார்கள். ஜூலையை முந்தைய ஜூலையோடு ஒப்பிடுங்கள், அல்லது கடைசிப் பன்னிரண்டு மாதத்தையும் கூட்டி ஒவ்வொரு மாதமும் நகர்த்திக்கொண்டே போங்கள். 2025-இன் முதல் ஆறு மாதத்தில் நாட்டின் நிலக்கரி மின்சாரம் முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிடக் குறைந்தது. நல்ல செய்திதான். புதிய சோலாரும் காற்றாலையும் அதில் பங்கு வகித்தன. ஆனால் அந்த ஆண்டு கோடை மிதமாக இருந்தது, கேரளத்தில் பருவமழை மே 24-ஆம் தேதியே இறங்கிவிட்டது, ஏசி குறைவாக ஓடியது, அணைகளும் கைகொடுத்தன. முந்தைய ஆண்டு 2024 மே 30 அன்று நாட்டின் உச்சத் தேவை 2,50,000 மெகாவாட்டைத் தொட்ட கொடும் வெயிலோடு ஒப்பிட்டால் எந்தக் கோடையும் இதமாகத்தான் தெரியும். வெயில் கொளுத்தும் ஓர் ஆண்டிலும், மழை பொய்த்த ஓர் ஆண்டிலும் நிலக்கரி யூனிட் குறைந்தால், அன்றைக்கு நம்புவேன்.

மின்சாரத்துக்கு வெளியேயும் ஒரு பார்வை வேண்டும். நாடு கடைசியில் பயன்படுத்தும் ஆற்றலில் மின்சாரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். லாரிக்கு டீசல், பைக்குக்கு பெட்ரோல், அடுப்புக்கு சிலிண்டரும் விறகும், எஃகு உலைக்கு நிலக்கரி, இவை எல்லாம் தனி. சிமென்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள் இருந்தே கரியமில வாயு வருகிறது. அந்த ஆலையை முழுக்க சோலாரில் ஓட்டினாலும் அது நிற்காது. நெல் வயலும் மாடும் விடும் மீத்தேன் வேறு. இந்தியா ஐ.நா.வுக்குக் கொடுத்த அறிக்கையில் 2020-ஆம் ஆண்டு உமிழ்வில் எரிசக்தித் துறை ஏறத்தாழ 76 சதவீதம், வேளாண்மை 14 சதவீதத்துக்கு அருகில், ஆலைச் செயல்முறைகள் 8 என்று பிரித்திருக்கிறார்கள்.

அந்த அறிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 டிசம்பர் 30 அன்று கொடுத்தது, அதில் உள்ள கணக்கு 2020-க்கு உரியது. நான்கு ஆண்டுப் பழசு. அதுவும் கொரோனாவில் நாடே கதவடைத்த ஆண்டு. நிகர உமிழ்வு 2019-ஐவிட 7.93 சதவீதம் குறைந்தது என்று அதில் வருகிறது. குறைந்தது மாற்றத்தால் அல்ல, பூட்டியதால். அதே அறிக்கையில் "2005-ஐவிட உமிழ்வுச் செறிவு 36 சதவீதம் குறைவு" என்ற வரியைத்தான் நாளிதழ்கள் எடுத்துப் போட்டன. செறிவு என்றால் நாட்டின் வருமானத்தில் ஒவ்வொரு ரூபாய்க்கும் எவ்வளவு புகை என்பது. 2030-க்குள் இதை 45 சதவீதம் குறைப்போம் என்பதுதான் நம் வாக்கு. வருமானம் புகையைவிட வேகமாக வளர்ந்தாலே இந்த எண் இறங்கிவிடும், புகை இறங்க வேண்டியதில்லை. காடுகள் உறிஞ்சுவதைக் கழிக்காமல் பார்த்தால் 2010-இல் சுமார் 214 கோடி டன்னாக இருந்த மொத்த உமிழ்வு, 2019-இல் 313 கோடி டன். செறிவு இறங்கிய அதே ஆண்டுகளில்தான் இது. ஏழை நாட்டுக்கு இப்படி ஓர் இலக்கு நியாயமே, அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு இந்தியாவின் உமிழ்வு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்று எழுதுகிறார்களே, அது தவறு.

மாநிலக் கணக்கில் இறங்க மாணவிகள் ஆசைப்படுவார்கள், இப்போதைக்கு வேண்டாம் என்பேன். கூடங்குளத்து மின்சாரம் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் புதுச்சேரிக்கும் போகிறது; தமிழ்நாடு வெளியே இருந்து வாங்குகிறது; நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி யார் கணக்கில் ஏறும் என்பதே ஒரு சிக்கல். வீட்டு மாடி சோலாரில் வீட்டுக்காரர் தானே பயன்படுத்திக்கொள்ளும் யூனிட் உற்பத்திப் பட்டியலில் சரியாகத் தெரியாது, தேவை குறைந்ததுபோல் மட்டும் காட்டும். நாட்டுக் கணக்கு பழகிய பிறகு இதற்கு வரலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மத்திய மின்சார ஆணையம் மாதந்தோறும் உற்பத்தி அறிக்கை வெளியிடுகிறது, யாரும் இலவசமாகப் பார்க்கலாம். தேசிய மின்தொகுப்பை நடத்தும் கிரிட் இந்தியா நிறுவனம் முந்தைய நாள் கணக்கை மறுநாளே போட்டுவிடுகிறது. மாதக் கணக்குக்கு ஆணையத்தின் அறிக்கையே போதும். ஒரு சார்ட் தாளில் நான்கு பத்தி போடச் சொல்லுங்கள்: மாதம், மொத்த யூனிட், நிலக்கரி யூனிட், முந்தைய ஆண்டு அதே மாதத்தின் நிலக்கரி யூனிட். ஓரத்தில் மழை, வெயில் பற்றி ஒரு வரி. ஆண்டுக்கு ஒருமுறை அந்த கிராம் கணக்கையும் எழுதிவையுங்கள். பலகையில் ஒட்டிய செய்தியைக் கிழிக்க வேண்டாம், பக்கத்திலேயே இதை மாட்டுங்கள். அரசின் கணக்கு ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. நீங்களும் ஏப்ரலில் இருந்தே போட்டுவாருங்கள். பன்னிரண்டு மாதம் நிரம்பியதும் தாளைப் படம் எடுத்து இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள், உங்கள் மாணவிகளின் பெயரோடு வெளியிட ஆசிரியரிடம் கேட்கிறேன்.